கிறிஸ்தவக் காதல் புதினங்களை நமக்குத் தெரிந்தெடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சபை நூலகங்களின் பொறுப்பாளர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், ஆங்கிலக் கிறிஸ்தவப் புதினங்களைத் தமிழில் கொண்டுவர எண்ணும் பதிப்பாளர்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, வணக்கமும் ஸ்தோத்திரமும்.

அமெரிக்காவில் அச்சாகும் கிறிஸ்தவ வரலாற்றுக் காதல் புதினங்கள் நம் வீடுகளுக்குள் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் கொண்டுவந்து விட்டுச் சென்றவை, சபை நூலகத்துக்கு நன்கொடையாகக் கிடைத்தவை, இப்போது கைப்பேசியிலேயே இறக்கிக்கொள்பவை என்று பல வழிகளில் அவை நம் பெண்பிள்ளைகளின் கைக்கு எட்டுகின்றன. அவற்றுள் அதிகம் விரும்பிப் படிக்கப்படுபவை செல்வச் சீமான்களின் குடும்பங்களைச் சுற்றி நடக்கும் கதைகள். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ மாளிகைகள், நியூபோர்ட் கடற்கரையின் கோடைகால அரண்மனைகள், இங்கிலாந்துப் பிரபுக்களின் பண்ணை வீடுகள் ஆகியவையே அவற்றின் களம். இவற்றைப் பல ஆண்டுகளாக விருப்பத்தோடு படித்துவருகிற ஒருத்தி என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

இந்தப் புதினங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. காதல் கதை எதுவானாலும் சபையின் அலமாரியில் இருக்கக் கூடாது என்பது ஒன்று. இவற்றில் ஆபாசம் எதுவும் இல்லை, முத்தம்கூடக் கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது, ஆகையால் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம் என்பது மற்றொன்று. எதிரெதிரானவைபோலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே அளவுகோலைக் கொண்டே நூலை அளக்கின்றன. உடல் சார்ந்த ஒழுக்கம் காக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கின்றன. இன்னொரு கேள்வியையும் நீங்கள் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அந்த மாளிகையில் வாழ்வோரின் விசுவாசம் அவர்களுடைய பணத்தைத் தொட்டதா, அந்த வீட்டுப் பெண்ணின் சம்மதத்தை யாரேனும் மெய்யாகவே கேட்டார்களா என்பதே அந்தக் கேள்வி.

முதலில் இந்த நூல்களின் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விசுவாசியான பெண், தன் மனம் ஒருவனை நாடுகிறது என்பதை மறைக்காமல் ஜெபத்தில் சொல்லலாம் என்பதை இவை இயல்பாகக் காட்டுகின்றன. நம் பிரசங்கப் பீடங்களில் பெண்ணின் விருப்பம் என்ற பொருள் எத்தனை முறை பேசப்பட்டிருக்கிறது என்று எண்ணிப்பார்த்தால், இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது விளங்கும். தவறு செய்தவன் மனந்திரும்புவதும், காயப்பட்டவள் மன்னிப்பதும், அந்த மன்னிப்புக்குக் காலம் பிடிப்பதும் நல்ல எழுத்தாளர்களின் கையில் அழகாகவே வந்திருக்கின்றன. ஆகவே இவற்றை அலமாரியிலிருந்து அகற்ற வேண்டும் என்று சொல்லும் பெரியவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றில் செல்வம் கதைக்கு அலங்காரமாக மட்டுமே நிற்கிறது. கதாநாயகியின் தந்தைக்கு இரயில் பாதைகளோ நிலக்கரிச் சுரங்கங்களோ இருக்கின்றன என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த பத்துப் பக்கங்களைப் பட்டு ஆடைகளுக்கும் நடன விருந்துக்கும் கொடுத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை அமைதியான ஒரு காட்சியாக வந்துபோகிறது. கதாநாயகி அநாதை இல்லத்துக்குப் போய்வருகிறாள்; பேராசைக்காரனை மறுத்து நல்லவனை ஏற்கிறாள்; அந்த நல்லவனும் முடிவில் செல்வந்தனாகவே இருக்கிறான். விசுவாசம் இதயத்தை மாற்றுகிறது, கணக்குப் புத்தகத்தை மட்டும் எட்டுவதில்லை. சகேயுவின் கதையைக் குழந்தைப் பருவத்திலிருந்தே ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான் ஆண்டவர் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார்.

நடந்த வரலாறோ இந்தக் கதைகளைவிடப் பன்மடங்கு கனமானது. கான்சுவேலோ வாண்டர்பில்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1877-ல் நியூயார்க்கில் இரயில்வே அதிபர்களின் குடும்பத்தில் பிறந்தவள். அவளுடைய தாய் ஆல்வா, உயர்குடிச் சமூகத்தில் முதலிடம் பெறுவதையே இலட்சியமாகக் கொண்டவர். நியூபோர்ட்டில் அவருக்காகக் கட்டப்பட்டு 1892-ல் முடிந்த ‘மார்பிள் ஹவுஸ்’ என்னும் சலவைக்கல் மாளிகைக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவாயிற்று. கான்சுவேலோ வின்த்ராப் ரதர்ஃபர்ட் என்ற இளைஞரை விரும்பினாள். தாயோ இங்கிலாந்தின் ஒன்பதாம் மார்ல்பரோ டியூக் என்ற பிரபுவுக்கு அவளைக் கொடுக்க முடிவு செய்திருந்தார். மகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக் காவல் காத்தார். கடிதங்கள் அவள் கைக்குச் சேராதபடி பார்த்துக்கொண்டார். அந்த இளைஞரைச் சுட்டுவிடுவேன் என்றுகூட மிரட்டினார். அவள் அசையாதபோது, தாய்க்கு மாரடைப்பு வந்துவிட்டது என்றும், இனியும் பிடிவாதம் பிடித்தால் அவர் உயிர் போய்விடும் என்றும் குடும்ப நண்பர் ஒருவர் வழியாகச் சொல்லியனுப்பப்பட்டது. பதினெட்டு வயதுப் பெண் அதற்குமேல் என்ன செய்வாள்? அந்த மாளிகையில் இடைக்கால ஆலயங்களை நினைவூட்டும்படி அமைக்கப்பட்ட ‘கோத்திக் அறை’யில் டியூக் தன் விருப்பத்தைத் தெரிவித்தார். கான்சுவேலோ தலைவணங்கினாள்.

1895 நவம்பர் 6-ஆம் நாள், ஐந்தாம் அவென்யூவிலுள்ள புனித தோமா எப்பிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) ஆலயத்தில் திருமணம் நடந்தது. அன்று காலையைத் தனிமையில் அழுதே கழித்ததாகவும், தன் அறை வாசலில் ஒரு பணியாளர் காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்ததாகவும் பிற்காலத்தில் அவளே பதிவு செய்திருக்கிறாள். தெருவெங்கும் கூட்டம், ஆலயமெங்கும் மலர்கள். அதற்குமுன் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, பீச் கிரீக் இரயில்வே கம்பெனியின் 50,000 பங்குகள், அதாவது 25 லட்சம் டாலர் மதிப்புள்ளவை, ஆண்டுக்கு 4 விழுக்காடு வருமானம் உறுதி செய்யப்பட்டு, மணமகன் வாழ்நாளெல்லாம் அனுபவிக்கும்படி எழுதிக்கொடுக்கப்பட்டன. சீதனம் என்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணுபவர்கள் இந்த உடன்படிக்கையை ஒருமுறை வாசிக்க வேண்டும். டியூக்கின் பிளென்ஹைம் அரண்மனையைப் பழுது பார்ப்பதற்கு அந்தப் பணம் தேவைப்பட்டது.

அந்த ஆராதனையில் குருவானவர் மணமகளிடம் கேட்டிருக்கக் கூடிய கேள்வியை நினைத்துப் பாருங்கள். நம் சபைகளிலும் அதே முறைமைதான் வழங்குகிறது. இந்த மனிதனைக் கணவனாக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று சபையார் முன்னிலையில் கேட்கப்படும். பெண் சம்மதம் என்பாள். கான்சுவேலோவும் சொன்னாள். கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் கிடைத்தது, பதிவேட்டில் கையெழுத்தும் விழுந்தது. ஆனால் அவள் மறுத்துச் சொல்லக்கூடிய இடத்தில், மறுத்துச் சொல்லக்கூடிய நேரத்தில், எவரும் அவளைக் கேட்கவில்லை. பெற்றோர் பார்த்துச் செய்த திருமணத்துக்கு முன்மாதிரியாக நாம் எப்போதும் எடுத்துக்காட்டும் ஈசாக்கு–ரெபெக்காள் வரலாற்றிலேயே, எல்லாம் பேசி முடிந்த பிறகும், பெண்ணை அழைத்து அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம் என்று வீட்டார் சொல்கிறார்கள். இந்த மனிதனோடே போகிறாயா என்று கேட்டு, போகிறேன் என்று அவள் சொன்ன பிறகே அனுப்பிவைக்கிறார்கள். ஆதியாகமத்தின் மேய்ப்பர் குடும்பம் கேட்ட கேள்வியை, ஐந்தாம் அவென்யூவின் கிறிஸ்தவக் குடும்பம் கேட்கவில்லை.

இதன் பின்கதைதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இருவரும் 1906-ல் பிரிந்தார்கள். 1921-ல் மணவிலக்குப் பெற்றார்கள். 1926-ல் அந்தத் திருமணமே செல்லாது என்று அறிவிக்கும்படி கத்தோலிக்கத் திருச்சபையின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டபோது, சாட்சி சொல்ல வந்தவர் தாய் ஆல்வாவே. மகள் மீது தனக்கு முழு அதிகாரம் இருந்தது என்றும், இந்தத் திருமணத்தைத் தானே கட்டாயப்படுத்தி நடத்தினேன் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். கட்டாயத்தின் பேரில் நடந்த திருமணம் திருமணமே அல்ல என்று தீர்ப்பானது. தங்கள் ஆலயத்தில் நடந்த திருமணத்தை ரோமாபுரி எப்படிச் செல்லாததாக்கலாம் என்று நியூயார்க்கின் எப்பிஸ்கோப்பல் பேராயர் மேனிங் வெளிப்படையாகவே கண்டித்தார். இரண்டு திருச்சபைகள் அதிகாரத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எழுபதைத் தாண்டிய ஒரு தாய் தன் பெயர் கெடும் என்று அறிந்தும் மகளுக்காக உண்மையைச் சொன்னார். ஆல்வா அதற்குள் பெண்களின் வாக்குரிமைக்காகத் தம் செல்வத்தைச் செலவழித்துப் போராடியவராக மாறியிருந்தார். 1933-ல் அவர் இறந்தபோது, மகளை அழவைத்து மணமுடித்த அதே புனித தோமா சபையின் ஆலயத்தில்தான் அடக்க ஆராதனை நடந்தது. பெண்களே அவருடைய பெட்டிக்குத் துணைவந்தார்கள். மனந்திரும்புதல் என்ற பொருளில் புதினம் எழுத விரும்புகிறவருக்கு இதைவிடப் பெரிய கதைப்பொருள் எங்கே கிடைக்கும்? ஆனாலும் கொடுமைக்காரத் தாய் என்ற ஒரே அச்சில்தான் இத்தகைய தாய்மார்கள் திரும்பத்திரும்ப வார்க்கப்படுகிறார்கள்.

இதை ஏன் தமிழ்ச் சபைகளுக்கு எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். திருமண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்கும் நம் ஆலயங்களில், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று அறிவிக்கிறோம். அப்போது அந்தப் பெண்ணே எழுந்து ஆட்சேபணை சொல்ல முடியும் என்று நாம் யாரும் நினைப்பதில்லை. ‘தேவ சித்தம்’ என்ற சொல் ஜாதகப் பொருத்தம் பார்க்காத நம் வீடுகளில் ஜாதகத்தின் வேலையைச் செய்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தாய்க்கு இரத்த அழுத்தம், தகப்பனுக்கு நெஞ்சுவலி என்று காரணம் காட்டிச் சம்மதம் வாங்கப்பட்ட பெண்கள் நம் சபைகளில் உண்டு என்பது இந்த மடலைப் படிக்கும் அக்காமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் தெரியும். இப்படிப்பட்ட வீட்டில் வளரும் ஒரு பெண், கதாநாயகியின் தாய் கடைசியில் எப்படியோ சமாதானமாகி ஆசீர்வதிக்கும் புதினத்தைப் படித்தால் அவளுக்கு ஒரு மாலைநேர ஆறுதல் கிடைக்கும். கான்சுவேலோவின் கதையைப் படித்தால், தனக்கு நடப்பது என்ன என்பதைச் சொல்ல அவளுக்கு ஒரு மொழி கிடைக்கும்.

சம்மதத்தைப் பற்றிச் சொன்னது போலவே பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதினங்களில் அமைதியாக வந்துபோகும் அந்த ஆலயங்களில் அன்று இருக்கைகள் விலைக்கு விற்கப்பட்டன அல்லது ஆண்டு வாடகைக்கு விடப்பட்டன. முன்வரிசை யாருக்கு என்பதைப் பணமே முடிவு செய்தது. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவனுக்குப் பாதபடியருகே இடமும் கொடுப்பதைப் பற்றி யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியதை அந்த ஆலயங்களிலும் வாசித்திருப்பார்கள். பிராட்வேயிலுள்ள கிரேஸ் ஆலயத்தில் 1880 வரை பணிபுரிந்த ஐசக் பிரவுன் என்ற ஆலயப் பணியாளர் (நம் பக்கத்தில் கோயில்குட்டியார் என்போமே, அந்தப் பொறுப்பு), திருமணங்களையும் அடக்க ஆராதனைகளையும் ஒழுங்குசெய்ததோடு, நகரத்துச் சீமாட்டிகளின் விருந்துகளுக்கு யாரை அழைக்கலாம் என்று ஆலோசனை சொல்பவராகவும் விளங்கினார். ஆல்வா தன் புகழைப் பறைசாற்ற நடத்திய மாபெரும் மாறுவேட நடன விருந்தின் நாளைக் கவனியுங்கள்: 1883 மார்ச் 26. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை அது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் முழுவதும் அந்தச் சமூகத்துத் தையற்காரர்கள் அந்த விருந்துக்கான ஆடைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். திருச்சபை நாட்காட்டியை அவர்கள் மீறவில்லை என்பது உண்மைதான். அந்த நாட்காட்டியையே தங்கள் விருந்துக் காலத்துக்கு ஏற்ற வேலியாக அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கான்சுவேலோவின் திருமணம் நடந்த அதே 1895-ல் நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கிலும் தீர்ப்பளித்தது. நகரத்தில் பழமையும் பெருஞ்செல்வமும் வாய்ந்த டிரினிட்டி ஆலயம், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்புகளுக்கு உரிமையாளராகவும் இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர் வசதி செய்துகொடுக்க வேண்டும் என்ற 1887-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, இது தன் சொத்துரிமையைப் பறிப்பதாகும் என்று அந்த ஆலயமே வழக்காடியது, கடைசியில் தோற்றது. தாகமுள்ளவனுக்கு ஒரு கலசம் தண்ணீர் கொடுப்பதைப் பற்றிப் பிரசங்கிக்கும் ஆலயம், தன் வாடகைக் குடித்தனக்காரர்களின் மாடிக்குத் தண்ணீர்க் குழாய் போடுவதை எதிர்த்து நீதிமன்றம் ஏறியது என்பது எந்த எழுத்தாளரின் கற்பனையையும் மிஞ்சியது. டிரினிட்டியின் உறுப்பினர் ஒருவரின் மகள், அந்த மாடிகளுக்கு உணவுக் கூடையோடு ஏறிச்சென்று, வாடகை ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று முதன்முறையாகப் பார்க்கும் ஒரு காட்சியை எழுதினால் போதும். அந்தப் பெண்ணின் ஜெபமும் அவள் காதலும் அதன் பிறகு முன்போல இருக்க முடியாது.

அந்தக் காலத்தின் எல்லாச் செல்வந்தரும் அப்படியே இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்டைவசன்ட் சதுக்கத்துப் புனித ஜார்ஜ் ஆலயம் உறுப்பினர்களை இழந்து தேய்ந்துகொண்டிருந்தபோது, அதன் மூப்பர்களில் முதன்மையானவரான வங்கியாளர் ஜே. பி. மார்கன், வில்லியம் ரெயின்ஸ்ஃபர்ட் என்ற குருவானவரை அழைத்தார். இருக்கை வாடகையை அறவே ஒழித்து ஆலயத்தை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது ரெயின்ஸ்ஃபர்ட் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. மார்கன் ஒப்புக்கொண்டார். 1883-ல் பொறுப்பேற்ற ரெயின்ஸ்ஃபர்டின் காலத்தில், சுற்றுவட்டாரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அந்தச் சபைக்குள் வந்தன. 1894-ல் ஹாரி பர்லே என்ற கறுப்பினப் பாடகர் அங்கே தனிப்பாடகராக நியமிக்கப்பட்டபோது சபையாரிடையே எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் மார்கனின் ஆதரவோடு நியமனம் நிலைத்தது. அடிமையாகப் பிறந்த ஒருவரின் பேரனான பர்லே 52 ஆண்டுகள் அந்த ஆலயத்தில் பாடினார். 1913-ல் மார்கனின் அடக்க ஆராதனையில் பாடியவரும் அவரே. மார்கனின் வணிக முறைகளைப் பற்றி நல்ல கருத்துக் கொள்வது எனக்குக் கடினம். ஆயினும் அவருடைய விசுவாசம் அவருடைய ஆலய இருக்கையையாவது தொட்டது என்பதை நான் மறுக்க மாட்டேன். நன்மையும் தீமையும் இப்படிக் கலந்த மனிதர்களே புதினத்துக்கு ஏற்றவர்கள்.

ஹெலன் கூல்டையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தந்தை ஜே கூல்ட் நாடெங்கும் வெறுக்கப்பட்ட இரயில்வே ஊகவணிகர். 1892-ல் அவர் இறந்தபோது மகளுக்கு 24 வயது. பக்தியுள்ள அந்தப் பெண், பங்கிட்டுக் கிடைத்த சொத்தை இளைஞர்–இளம்பெண்களுக்கான கிறிஸ்தவச் சங்கங்களுக்கும், கல்லூரிகளுக்கும், ஊனமுற்ற குழந்தைகளின் இல்லத்துக்கும் ஆண்டுக்கணக்கில் வழங்கிவந்தார். எந்தப் பிரபு, எந்தக் கோடீஸ்வரர் அவரை மணப்பார் என்று பத்திரிகைகள் ஆரூடம் சொல்லிக்கொண்டே இருந்தன. அவரோ 1913 ஜனவரியில், 44-ஆம் வயதில், ஃபின்லி ஷெப்பர்ட் என்ற இரயில்வே அலுவலரை மணந்தார். பிறகு இருவரும் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். இருபது வயதுக்குள் திருமணம் நிச்சயமாகாவிட்டால் வாழ்வே முடிந்தது என்பதுபோல எழுதப்படும் கதைகளின் நடுவே, 44 வயது மணமகளின் காதல் கதையை நம் பெண்கள் படிக்கட்டும் என்று விரும்புகிறேன்.

இங்கிலாந்தைக் களமாகக் கொண்ட புதினங்களுக்கும் இது பொருந்தும். அந்தப் பண்ணை வீடுகளில் பலவற்றின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் பயிரிட்ட கரும்பிலிருந்து வந்தது என்பதை இப்புதினங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அதே காலத்தில் இலண்டனுக்கு அருகே கிளாப்பமில், அடிமை வாணிபத்தை எதிர்த்த சுவிசேஷப் பற்றுள்ள செல்வந்தர்கள் ஒன்றுகூடி வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவரான வங்கியாளர் ஹென்றி தார்ன்டன், திருமணத்துக்கு முன்பு தம் வருமானத்தை ஏழு பங்காக்கி ஆறு பங்கைத் தானமாகக் கொடுத்துவந்தவர். 1796-ல் மரியான் சைக்ஸை மணந்த பிறகு அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. குடும்பம் என்று வந்த பிறகு எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கணவனும் மனைவியும் பேசியிருக்கக் கூடிய இரவுகளை யாராவது எழுத வேண்டும். தசமபாகம் எடுத்துவைக்கும் நம் ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது.

அந்தச் செல்வம் கடலுக்கப்பால் நின்றுவிடவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடரிடம் கொடுத்த 10,000 டாலரில்தான் வேலூரில் 1902-ல் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. நியூயார்க்கின் வசதியான குடும்பத்தைச் சேர்ந்த கெர்ட்ரூட் டாட், வேலூருக்கே வந்து தங்கி, மருத்துவம் பயின்ற மாணவியருக்குக் கட்டணம் செலுத்தி உதவினார். வேலூர் மருத்துவக் கல்லூரியின் நூலகம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. எண்ணெய் அதிபர் ராக்பெல்லர் தம் மனைவி லாரா ஸ்பெல்மனின் நினைவாக நிறுவிய நிதியம், பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால் தான் 10 லட்சம் தருவதாக 1920-களின் தொடக்கத்தில் வாக்களித்தது. அதனால் பயன்பெற்ற ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளில் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் வேலூரும் அடங்கும். இரண்டு கணவர்கள் தங்கள் மனைவியர் மீது வைத்த அன்பின் பயனை, அவர்களை ஒருநாளும் கண்டிராத தமிழ்ப் பெண்கள் அனுபவித்தார்கள்.

அந்தப் பணத்தைப் பற்றிய கேள்வியும் நம்மோடு தொடர்புடையதே. 1905-ல் அமெரிக்கன் போர்டு மிஷனுக்கு ராக்பெல்லர் கொடுத்த 1,00,000 டாலரை ஏற்கக் கூடாது, அது அநியாயமாய்ச் சேர்த்த கறைபட்ட பணம் என்று போதகர் வாஷிங்டன் கிளாடன் எதிர்ப்புத் தெரிவித்தார். அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடையே அது பெரும் விவாதமானது. நம் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்திய மிஷன் அதே அமெரிக்கன் போர்டைச் சேர்ந்ததுதான். அந்தக் கொடைகளால் நமக்கு நன்மை விளைந்தது என்பதற்கு நான் நன்றியுள்ளவளாக இருக்கிறேன். அந்தப் பணம் எப்படி ஈட்டப்பட்டது என்று கேட்ட போதகருக்கும் அதே அளவு நன்றியுள்ளவளாக இருக்கிறேன். இரண்டு நன்றிகளையும் ஒரே கதையில் தாங்கக்கூடிய புதினம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே உங்களிடம் என் வேண்டுதல்கள் இவை. நூலகப் பொறுப்பாளர்களே, புதிதாக வரும் புதினத்தை அலமாரியில் வைக்குமுன் உங்களில் ஒருவர் அதை முழுவதும் படியுங்கள். முத்தம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடுவதோடு நின்றுவிடாமல், அந்த வீட்டின் பணம் எங்கிருந்து வந்தது என்று கதையில் யாராவது கேட்கிறார்களா, வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரு பெயரும் ஒரு மனமும் இருக்கின்றனவா, கதாநாயகி மறுத்திருந்தால் அவளுக்குப் போக்கிடம் இருந்ததா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றுக்காவது மெய்யான பதில் சொல்லும் நூலை வாங்கிவையுங்கள். மற்றவற்றையும் அகற்ற வேண்டாம். அவற்றின் அருகே வரலாற்று நூல்கள் ஒன்றிரண்டையும் வையுங்கள்.

பதிப்பாளர்களே, மூலநூலின் பிற்பகுதியில் ஆசிரியர் எழுதிய வரலாற்றுக் குறிப்பு இருந்தால், பக்கம் மிச்சமாகும் என்று அதைத் தமிழில் விட்டுவிடாதீர்கள். குறிப்பு இல்லையென்றால் நம்மவர் ஒருவரைக் கொண்டு நான்கு பக்க முன்னுரையாவது எழுதிச் சேருங்கள். அந்த முன்னுரையில் இருக்கை வாடகையையும், மண உடன்படிக்கையையும், குடியிருப்பு வழக்கையும் சொல்லுங்கள். வேலூரையும் மதுரையையும் நியூயார்க்கையும் இணைக்கும் அந்தக் கதைகளைத் தமிழிலேயே புதினமாக எழுதக்கூடியவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். மொழிபெயர்ப்புக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அன்பு அம்மாமார்களே, வாசிப்புக் கூட்டம் நடத்தும்போது இளம்பெண்களை மட்டும் அழைத்து இந்த நூல்களைப் பேசாதீர்கள். திருமண வயதில் மகள் இருக்கும் தாய்மாரின் கூட்டத்திலேயே ஆல்வா வாண்டர்பில்ட்டின் வரலாற்றைப் படியுங்கள். 1895-ஐப் பேசும்போது 1926-ஐயும் சேர்த்துப் பேசுங்கள். ஓலை எழுதிக்கொடுக்கும் முன் குருவானவரோ, சங்கத்தில் மூத்த அக்கா ஒருவரோ, வீட்டார் எவரும் உடன் இல்லாத இடத்தில் மணப்பெண்ணைச் சந்தித்து அவளுடைய சம்மதத்தைக் கேட்கும் வழக்கத்தை உங்கள் சபையில் ஏற்படுத்தும்படி ஆயரிடமும் சேகரக் கமிட்டியிடமும் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் ஊழியத்தில் உங்கள் சகோதரி,
சபை நூலகத்தின் நெடுநாள் வாசகி